பறக்கத் தெரிந்தும் பறக்காதவள்

(சங்கத்தின் நூற்றாண்டு நிறைவுக் கூட்டத்தில், 1990 ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நாங்கள் 1990 ஆம் ஆண்டிலே இந்தக் கல்லூரியின் பத்தாம் வகுப்பில் இருந்தவர்கள். முப்பத்தொரு பேர் இருந்தோம். இன்று இந்த மண்டபத்தில் ஒன்பது பேர் இருக்கிறோம். ஒலிவாங்கிக்கு முன்னால் ஒருத்தி நின்றாலும், இந்த உரையை எல்லாருமாகச் சேர்ந்துதான் எழுதினோம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் வவுனியாவிலும் இருந்து, நேரம் தப்பிய நேரங்களில் தொலைபேசியில் கதைத்து, சண்டை பிடித்து, அழுது எழுதினோம். ஆகவே இதில் 'நாங்கள்' என்று வருமிடத்திலெல்லாம் அது அந்த வகுப்பையே குறிக்கும். வராத பிள்ளைகளும் அதற்குள் அடக்கம்.

நூற்றாண்டு விழாவிலே கல்லூரியின் வரலாற்றைப் பேசப் பலர் இருக்கிறார்கள். நாங்கள் ஒரு கதையைப் பேச வந்திருக்கிறோம். அதற்குக் காரணம் ஒரு சிறு பெண்ணின் கேள்வி.

எங்களுள் ஒருத்தியின் மகள் ரொறன்ரோவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சென்ற வருடம் முழுவதும் அவள் கையில் தலையணை மொத்தத்தில் ஒரு நாவல் வரிசை இருந்தது. சாரா ஜே. மாஸ் என்ற அமெரிக்கப் பெண் எழுத்தாளர் எழுதியது. அதன் முதற் புத்தகம் 2015 இல் வெளிவந்தது. பசியால் வாடும் குடும்பத்தைக் காப்பாற்ற வேட்டைக்குப் போகும் ஒரு சாதாரண மனிதப் பெண், 'ஃபே' என்னும் மாய இனத்தாரின் நாட்டுக்குக் கொண்டுபோகப்படுகிறாள். அங்கே மலைக்கு அடியில் அரசாளும் ஒரு கொடியவள், அவளுக்கு மூன்று சோதனைகள் வைக்கிறாள். தோற்றால் சாவு. இப்போது இந்த மாதிரியான நாவல்கள் உலகமெங்கும் பெண்பிள்ளைகளால் விழுந்து விழுந்து வாசிக்கப்படுகின்றன. முதல் நாவல் எழுதுகிற இளம் பெண்கள் பலர் இதே வழியில்தான் தொடங்குகிறார்கள்.

ஒருநாள் அந்தப் பிள்ளை தாயைக் கேட்டிருக்கிறாள்: "அம்மா, எங்கட ஆக்களுக்கு இப்படி ஒரு கதை இல்லையோ? ஒரு பெட்டை, ஒரு மாய உலகம், சாகிற சோதனை, கடைசியில் அவளே வெல்லுறது?"

தாய்க்கு உடனே மறுமொழி வரவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேள்வியைப் போட்டாள். இரண்டு நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஒருத்தி எழுதினாள்: "நாங்கள் அந்தக் கதைக்குள்ளேதானே பிறந்தனாங்கள்."

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறினால் சிறிது நேரத்தில் நயினாதீவு. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவம் இந்த நயினாதீவுதான் என்பது நாங்கள் பாலர் வகுப்பிலேயே கேட்ட செய்தி. அறிஞர்கள் எல்லோரும் அதை ஒத்துக்கொள்வதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். காப்பியம் தருவது பூம்புகாருக்குத் தெற்கே முப்பது யோசனை தூரத்தில், அலை சூழ்ந்த ஒரு தீவு என்ற கணக்கு. அங்கே ஒரு பீடிகைக்காக நாக அரசர் இருவர் போர் செய்ததும், புத்தர் வந்து அவர்களைத் தணித்ததும் சொல்லப்படுகின்றன. மகாவம்சம் நாகதீபத்தைப் பற்றிச் சொல்லும் கதையும் அதுவே. அம்மன் கோயிலும் விகாரையும் ஒரே கரையில் நிற்கும் அந்தச் சின்னத் தீவிலே, இரண்டு கதைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இடத்தைப் பற்றிய வழக்கை அறிஞர்களிடம் விடுவோம். கதை எங்கள் கடலில் நடக்கிறது என்பது எங்களுக்குப் போதும்.

மணிமேகலையை நாம் எல்லோரும் படித்தோம். எப்படிப் படித்தோம்? ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று, ஆசிரியர் சீத்தலைச் சாத்தனார், முப்பது காதைகள், 1898 இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தார், அமுதசுரபி பற்றிச் சிறு குறிப்பு எழுதுக. ஐந்து புள்ளி. அத்தோடு புத்தகத்தை மூடிவிட்டோம். சிறைவிடு காதை என்று ஒன்று இருப்பது எங்களில் பலருக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் தெரியவந்தது. வகுப்பிலே அந்தப் பகுதி வந்தபோது பக்கங்கள் சேர்த்துப் புரட்டப்பட்டன. பெண்பிள்ளைகளுக்கு முன்னால் அதை எப்படி விளக்குவது என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை நாங்கள் இன்று குறைசொல்லவில்லை. ஆனால் புரட்டப்பட்ட அந்தப் பக்கங்களில்தான் எங்களுக்கு வேண்டியது இருந்தது.

கதையைக் கொஞ்சம் சொல்லுவோம். முன்வரிசைப் பிள்ளைகளுக்காக.

மணிமேகலை, கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள். தகப்பன் மதுரையில் கொலையுண்டான். தாய் ஆடலை விட்டுத் துறவு பூண்டாள். பாட்டி சித்திராபதியோ பேத்தி குலத்தொழிலுக்கு வந்தேயாகவேண்டும் என்று நிற்கிறாள். அரசகுமாரன் உதயகுமரன் அவளை அடையத் துடிக்கிறான். தோழி சுதமதியோடு பூக்கொய்ய உவவனத்துக்குப் போனவளை அவன் தேரேறித் தொடர்ந்து வர, அவள் அங்கிருந்த பளிங்கு மண்டபத்துக்குள் புகுந்துகொள்கிறாள். ஊரிலே அவளுக்கு ஒதுங்க இடமில்லை. ஆளாளுக்கு அவளுக்காக ஒரு வாழ்க்கையை முடிவுசெய்து வைத்திருக்கிறார்கள்.

அப்போது கடல் தெய்வமான மணிமேகலா வருகிறது. தூங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வான்வழியே போய், மணிபல்லவத்தின் கரையிலே கிடத்திவிட்டுப் போய்விடுகிறது. விடிய எழும்பினால் ஒருவருமில்லை. மணலும் அலையும்தான். சுதமதியைக் கூப்பிட்டுப் பார்க்கிறாள், மறுமொழி இல்லை. செத்துப்போன தகப்பனை நினைத்து அழுகிறாள். ஆங்கில நாவல்களில் மனிதப் பெண் ஃபே நாட்டுக்குள் கால்வைக்கிற கட்டம் என்னவோ, இதுவும் அதுவேதான். நாகர், விஞ்சையர், தீவைக் காக்கும் தீவதிலகை, தூணிலிருந்து பேசும் பாவை, பசியே நோயாகிய பெண் என்று மாய இனத்தாருக்குச் சாத்தனாரிடத்தில் பஞ்சமில்லை.

பீடிகையைக் கண்டதும் அவளுக்கு முற்பிறப்பு நினைவுக்கு வருகிறது. போன பிறவியில் உதயகுமரனே தன் கணவன் இராகுலன் என்று தெரிகிறது. தெய்வம் மீண்டும் வந்து மூன்று மந்திரங்களைக் கொடுக்கிறது. வேற்றுரு எடுக்க ஒன்று. வானத்திலே பறக்க ஒன்று. பசியைத் தாங்க ஒன்று. பிறகு கோமுகிப் பொய்கையிலிருந்து, வைகாசி விசாகத்தன்று, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. பறந்து புகாருக்குத் திரும்புகிறாள்.

ஆயுதமெல்லாம் கிடைத்துவிட்டது. இனி வெற்றிதானே என்று நினைப்போம். சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

உதயகுமரன் விடுவதாக இல்லை. அவனிடமிருந்து தப்ப, காயசண்டிகை என்னும் விஞ்சை மகளின் உருவத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குச் சோறிடுகிறாள். அந்த உருவத்தோடே சிறைச்சாலைக்குப் போய்க் கைதிகளுக்கும் உணவளிக்கிறாள். அரசன் கேள்விப்பட்டு அழைத்து, என்ன வேண்டும் என்கிறான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கு என்கிறாள். அவனும் ஆக்குகிறான். ஆனால் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், தன் மனைவியை அரசகுமாரன் தொடருகிறான் என்று எண்ணி, வாளால் அவனை வெட்டிவிடுகிறான். கொன்றவன் பறந்து போய்விட்டான். பழி யாருக்கு? அந்தப் பெண்ணுக்கு. அவளுடைய அழகுக்கு. இது எந்த நூற்றாண்டுக் கதை என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். மறுமொழி சொல்ல யாரும் அவசரப்படவில்லை.

சிறையைத் திறந்துவிடச் சொன்னவள் காவலில் வைக்கப்படுகிறாள். மகனை இழந்த இராசமாதேவி, நல்லவள்போல நடித்து அவளைக் காவலிலிருந்து தன் மாளிகைக்குக் கொண்டுபோகிறாள். இனி அந்த மூன்று சோதனைகள்.

முதலாவது, மதியை மயக்கும் மருந்து. பைத்தியமாக்கி ஊர்முன் நிறுத்துவது எண்ணம். தன் பிறப்பை உணர்ந்தவளின் அறிவை அந்த மருந்து ஒன்றும் செய்யவில்லை.

இரண்டாவதுதான் எங்கள் வகுப்பில் புரட்டப்பட்ட பக்கம். படியாத ஒரு இளைஞனுக்குக் காசு கொடுத்து, அவளைக் கெடுத்துவிட்டு ஊரெல்லாம் சொல்லு என்று அனுப்புகிறாள் அரசி. உடம்பையும் பெயரையும் ஒரே அடியில் அழிக்கும் திட்டம். மணிமேகலை ஆண் உருவம் எடுத்து இருக்கிறாள். உள்ளே வந்தவன் திகைக்கிறான். அரசியின் உரிமையிடத்தில் ஆண்கள் வரக்கூடாதே, இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று பயந்து ஊரைவிட்டே ஓடிவிடுகிறான்.

மூன்றாவது, இவளுக்கு நோய், சாப்பிட முடியாது என்று சொல்லி ஒரு புழுக்கறைக்குள் பூட்டிப் பட்டினி போடுகிறாள். பசி தாங்கும் மந்திரம் இருந்தபடியால் அவள் வாடவில்லை. அரசி நடுங்கிப்போகிறாள்.

இங்கேதான் எங்களுக்குள்ளே பெரிய சண்டை வந்தது. பாரிசிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "மூன்று மந்திரம் இருந்தது. உருவம் மாறுகிறதைப் பாவிச்சாள். பசி தாங்கிறதைப் பாவிச்சாள். பறக்கிற மந்திரத்தை ஏன் பாவிக்கேல்லை?"

நியாயமான கேள்வி. கூரையைப் பிரித்துக்கொண்டு போயிருக்கலாம். காவலில் வைப்பார்கள் என்று தூணிலிருந்த கந்திற்பாவை முன்கூட்டியே சொல்லியும் விட்டது. தெரிந்துகொண்டே இருந்தாள். பறக்கத் தெரிந்தும் பறக்காமல் இருந்தாள். ஏன்?

சாத்தனார் காரணத்தை எடுத்துச் சொல்லவில்லை. ஆனால் அடுத்து நடப்பதை வைத்துப் பார்க்கலாம். அரசி மன்னிப்புக் கேட்கிறாள். மணிமேகலை அவளைத் தண்டிக்கவில்லை. நீ அழுவது மகனின் உடலுக்கா, உயிருக்கா என்று கேட்கிறாள். உயிருக்கு என்றால், எல்லா உயிர் மேலும் இரங்கவேண்டுமே என்கிறாள். தெளிவடைந்த அரசி காலில் விழப்போக, அது தகாது என்று தடுத்து, நீ என் கணவனைப் பெற்றவள் என்று சொல்லித் தானே அவளை வணங்குகிறாள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் நஞ்சாகிப் போயிருந்தாள். அவளைத் திரும்பவும் மனுசியாக்குகிற வேலை அந்த மாளிகைக்குள் இருந்தது. பறந்திருந்தால் உயிர் தப்பியிருக்கும். அந்த வேலை நடந்திராது. இது எங்கள் விளக்கம். புலவர்கள் வேறு சொல்லலாம்.

மலைக்கடியில் நடக்கும் ஆங்கிலக் கதையில் அந்தக் கொடியவள் கடைசியில் கொல்லப்படுகிறாள். சாத்தனார் கதையில் கொடியவள் திருந்துகிறாள். எது நல்ல முடிவு என்று ரொறன்ரோப் பிள்ளையைக் கேட்டோம். "கொல்லுறது லேசு, அம்மா. இது பயங்கரம்" என்றாள். பயங்கரம் என்று அவள் சொன்னது புகழ்ச்சிதான்.

தோழியரே, இந்த இடத்தில் எங்கள் கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது.

கடல் எங்களுக்கு ஒருபோதும் கதைப்புத்தகக் கடலாக இருந்ததில்லை. 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே வெட்டிக் கொல்லப்பட்டவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். அப்போது நாங்கள் சின்னப் பிள்ளைகள். அதற்குப் பிறகு படகேறும்போதெல்லாம் அம்மாமார் எங்கள் கையை இறுக்கிப் பிடித்த பிடி இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது. 1990 ஓகஸ்டில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது தீவகம் காலியாகத் தொடங்கியது. வள்ளங்களில் அக்கரைக்குப் போனோம். பத்தாம் வகுப்புப் புத்தகங்களை உரப்பையில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போனவள் இன்று இந்த மேடைக்குக் கீழே இருக்கிறாள். அகதியாக இருந்த பாடசாலை மண்டபத்தில் ஒரு கிடாரம் கஞ்சி எத்தனை குடும்பத்துக்குப் போதும் என்ற கணக்கை நாங்கள் பதினாறு வயதில் படித்தோம். அமுதசுரபி பற்றிச் சிறு குறிப்பு எழுதுக என்று எங்களை அப்போது கேட்டிருக்கவேண்டும்.

பிறகு பறந்தோம். மந்திரத்தால் அல்ல, காணி விற்ற காசால், அண்ணன்மார் அனுப்பிய காசால், ஏஜென்சிக்காரர்களை நம்பி. சிலர் கொழும்பில் இறங்கினோம், சிலர் ஐரோப்பாவில், சிலர் கனடாவில். முப்பத்தொரு பேரில் பதினெட்டுப் பேர் இன்று வெளிநாட்டில். மூன்று பேர் உயிரோடு இல்லை. அவர்களுக்காக இந்தப் பேச்சில் ஒரு கணம் நிற்கிறோம்.

பறந்தவர்களுக்கு ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. அது பனிக்காலத்தில் வரும், கோயில் திருவிழாப் படங்களைப் பார்க்கும்போது வரும். நின்றவர்களுக்கு ஒரு கோபம் உண்டு. அது அநேகமாக நாங்கள் விடுமுறைக்கு வந்து அறிவுரை சொல்லும்போது வரும். நூறு வருடச் சங்கத்திலே இந்த இரண்டையும் யாரும் மேடையில் சொன்னதில்லை. நாங்கள் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். பெயர் சொல்லக்கூடாது என்பது அவள் கட்டளை. அவளுக்கு 1990களில் விசா வந்தது. போகவில்லை. ஆசிரியையானாள். சனம் திரும்பிக் குடியேறத் தொடங்கியபோது தீவுக்கு மாற்றம் கேட்டு வந்தாள். எல்லோரும் தீவிலிருந்து மாற்றம் கேட்கிற காலம் அது. விடியப் பண்ணைத் தாம்போதியால் முதல் பஸ். கச்சான் காற்றடித்தால் குடை விரிக்க முடியாது, மாரியில் உப்புத் தண்ணீர் தெறிக்கும். வகுப்பறையில் கதிரைகள் அதிகம், பிள்ளைகள் குறைவு. ஒரு வருடம் அவளுடைய வகுப்பில் நான்கே பிள்ளைகள். நால்வருக்கும் முழுப்பாடமும் நடத்தினாள்.

நாங்கள் வெளிநாட்டிலிருந்து அவளைத் தியாகி என்று புகழ்ந்து எழுதினோம். அவள் எழுதிய மறுமொழி இது: "தியாகம் எண்டு சொல்லாதேங்கோ. எனக்கு இங்க வேலை முடியேல்லை. அவ்வளவுதான்."

பாரிஸ்காரி கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல விளக்கவுரை எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. வேலை முடிந்தபின் மணிமேகலை பறக்கத்தான் செய்கிறாள். சாவக நாட்டுக்குப் போகிறாள். மறுபடி மணிபல்லவத்துக்கு வருகிறாள். வஞ்சிக்குப் போய், முதிய தவசியின் வேடத்திலே, ஒவ்வொரு சமயத்தாரும் சொல்லுவதை இருந்து கேட்கிறாள். காஞ்சியில் பஞ்சம் என்று தெரிந்து அங்கே போய்ச் சோறிடுகிறாள். புகாரோ கடல்கொண்டு போய்விட்டது. திரும்பிப் போக அவளுக்கு ஊர் இல்லை. ஆகவே நிற்பது மட்டும் அறம், போவது பிழை என்று காப்பியம் சொல்லவில்லை. எங்கே நின்றாலும், எங்கே இறங்கினாலும், கையில் பாத்திரம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

அந்தப் பாத்திரத்தின் பழைய கதையையும் சொல்லவேண்டும். அதை முதலில் வைத்திருந்தவன் ஆபுத்திரன். பெற்ற தாய் விட்டுவிட்டுப் போன பிள்ளை. மதுரையில் சிந்தாதேவியிடமிருந்து அமுதசுரபியைப் பெற்று ஊருக்கு உணவிட்டான். பிறகு நாடெல்லாம் மழை பெய்து விளைந்து, பசித்தவர் இல்லாமற் போனது. சாவகத்தில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறினான். கப்பல் மணிபல்லவத்தில் ஒதுங்கியது. அவன் கரையில் இறங்கியிருக்க, அவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் போய்விட்டது.

ஒரு தனித்தீவு. கையிலே எடுக்க எடுக்கக் குறையாத சோறு. அவன் ஒருவன் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு எத்தனை வருடமும் இருந்திருக்கலாம். அவனால் முடியவில்லை. பலருக்கு ஊட்டவேண்டிய பாத்திரத்தை வைத்துத் தன் வயிற்றை மட்டும் நிரப்ப மனம் வரவில்லை. வருடத்தில் ஒருநாள் மேலே வா, உயிர்களைக் காப்பவர் கைக்குப் போ என்று சொல்லிக் கோமுகிக்குள் விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து உயிர்விட்டான்.

படகைத் தவறவிட்டவர்களின் கவலை தீவாருக்குப் புரியும். கப்பல் ஒதுங்குவதும் உடைவதும் இந்தக் கடலில் வெறும் கற்பனையில்லை. நயினாதீவிலே பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மிகுதி உடையவனுக்கு என்று அது விதிக்கிறது. வேறு சரக்குக் கப்பலானால் பாதிக்குப் பாதி. பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து இருக்கவேண்டும், அவர்களைப் பாதுகாக்கவேண்டும் என்றும் சொல்கிறது. ஊராத்துறை எங்கள் ஊர்காவற்றுறைதான். கரையொதுங்கியவனுக்கு என்ன நியாயம் என்று கல்லில் எழுதி வைத்த மண் இது. பிறகு நாங்களே உலகத்தின் எத்தனையோ துறைகளில் கரையொதுங்கி, இந்த மாதிரி ஒரு கல்வெட்டு இங்கேயும் இருக்காதா என்று தேடினோம்.

அமுதசுரபி மணிமேகலை கைக்கு வந்த உடனே வேலை செய்யத் தொடங்கிவிட்டதா? இல்லை. முதற்பிச்சை ஒரு நல்ல பெண்ணின் கையால் விழவேண்டும் என்கிறார்கள். ஆதிரை என்னும் குடும்பப் பெண்ணின் வாசலுக்குப் போகிறாள். ஆதிரையும் சோதனைப்பட்டவள். கணவன் சாதுவன் கடலில் கப்பல் உடைந்து இறந்தான் என்று கேட்டுத் தீயில் இறங்கியவள். தீ அவளைச் சுடவில்லை. சாதுவனோ நாகர் மலையில் ஒதுங்கி, அவர்கள் மொழி தெரிந்தபடியால் உயிர் பிழைத்து வந்து சேர்ந்தான். வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் தாய்மார் அந்த இடத்தைக் கவனிக்கவேண்டும். போன இடத்து மொழியைத் தெரிந்திருந்தவன் தப்பினான். தன் வீட்டுக்கு வழி மறக்காதவன் திரும்பி வந்தான்.

அந்த ஆதிரை போட்ட ஒரு பிடி சோற்றுக்குப் பிறகுதான் பாத்திரம் ஊருக்கெல்லாம் சுரந்தது. மாயப் பாத்திரத்துக்கும் முதற்பிடி ஒரு மனுசியின் அடுக்களையிலிருந்து வரவேண்டியிருக்கிறது. இந்தச் சங்கத்தின் நூறு வருடக் கதையும் அதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். பெரிய நன்கொடைகளின் பெயர்ப்பலகைகள் சுவரில் இருக்கின்றன, இருக்கட்டும். ஆனால் எங்களுக்குத் தெரிந்த முதற்பிடி வேறு. காலையில் சாப்பிடாமல் படகேறி வந்த பிள்ளைகளை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, குசினிப் பக்கம் கூப்பிட்டு, ஒருவருக்கும் தெரியாமல் பாணும் சம்பலும் கொடுத்த விடுதிச் சமையல் அம்மா ஒருவர் இருந்தார். இடம்பெயர்ந்தபோது நடக்கமுடியாத தாயைவிட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டார். எந்தப் பலகையிலும் அவர் பெயர் இல்லை. இந்த மலரிலாவது அவருக்கு ஒரு பந்தி இருக்கட்டும்.

கடைசியாக மூன்று விண்ணப்பங்கள்.

முதலாவது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய காதையையும் சிறைவிடு காதையையும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு பெண்ணை விழுத்த மருந்தும் அவதூறும் பட்டினியும் எப்படிப் பாவிக்கப்படும் என்று தெரிந்துகொள்ளப் பதினாறு வயது நல்ல வயது. காரைநகர்ப் பக்கம் போகும்போது ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையைக் காட்டுங்கள். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பிடித்து, 1971 இல் கைதிகள் அடைக்கப்பட்டு, இப்போது கடற்படையின் விடுதியாக இருக்கிறது. சிறைக்கோட்டங்கள் காலத்துக்குக் காலம் மாறும். என்னவாக மாறவேண்டும் என்று கேட்க ஒரு மணிமேகலை வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.

இரண்டாவது, வெளிநாட்டிலே தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளைத் தள்ளிவைக்காதீர்கள். பிரெஞ்சுக்காரரான அலன் டானியலூ 1989 இல் மணிமேகலையை ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். முதலில் அதை வாசிக்கட்டும். பிறகு தமிழுக்கு வரட்டும். ரொறன்ரோப் பிள்ளை அப்படித்தான் தொடங்கினாள். இப்போது கிழமைக்கு ஒருமுறை தாயோடு இருந்து பத்துப் பத்து வரியாகத் தமிழில் வாசிக்கிறாள்.

மூன்றாவது, முன்வரிசைப் பிள்ளைகளுக்கு. ஈழத்துப் பெண்ணொருவர் எழுதிய முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படுவது மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்'. அது 1914 இல் வெளிவந்தது. நூறு வருடத்துக்கு மேலாயிற்று. நாகரும் கடல் தெய்வமும் தூண்பாவையும் உலாவிய இந்தத் தீவுகளிலிருந்து, நெடுந்தீவின் கல்வேலிகளையும் குதிரைகளையும் பெருக்கு மரத்தையும் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளையிடமிருந்து, தன் முதல் நாவலாக ஒரு மாயக்கதை வரவேண்டும் என்று எங்களுக்கு ஆசை. அதிலே கதாநாயகிக்குச் சாகிற சோதனை வையுங்கள்; எங்களுக்குப் பயமில்லை. பறக்கிற மந்திரமும் கொடுங்கள். அதை எப்போது பாவிப்பது, எப்போது பாவியாமல் விடுவது என்பதை அவளே தீர்மானிக்கட்டும்.

அந்தப் புத்தகம் வருகிற நாளில் எங்கள் வகுப்பில் எத்தனை பேர் மிச்சமிருப்போமோ தெரியாது. இருக்கிறவர்கள் படகேறி வருவோம்.